பெக்காவின் குளிரும் வாந்திபேதியும்: கோலாலம்பூர்க் காணிக்கை எந்த மாதம் போய்ச் சேர வேண்டும்?

2022 அக்டோபர் தொடக்கத்தில் லெபனானின் வடக்கு முனையிலுள்ள அக்கார் பகுதியில் காலரா உறுதியானது. 1993க்குப் பிறகு அந்த நாடு காணாத நோய் அது. ஒரு மாதத்துக்கு முன்புதான், செப்டம்பர் 10 அன்று, பக்கத்து நாடான சிரியா தன் மண்ணில் காலரா பரவுவதை அறிவித்திருந்தது. மாசுபட்ட யூப்ரடீஸ் ஆற்று நீரைக் குடித்ததும், அதையே காய்கறிப் பயிருக்குப் பாய்ச்சியதும் அங்கே காரணமாகச் சொல்லப்பட்டன. லெபனானில் நோய் அக்காரோடு நிற்கவில்லை. நவம்பருக்குள் எட்டு மாநிலங்களிலும் தலைகாட்டியது. அடங்குவதற்குள் 23 உயிர்கள் போயின.

அதே வாரங்களில், சிரிய அகதிகள் கூடாரம் அடித்து வாழும் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றிய மலையிலும் குளிர் இறங்கத் தொடங்கியது. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், புடு பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் சிரிய அகதிகளுக்காக ஜெபமும் காணிக்கையும் எழும் காலமும் அதுதான்: டிசம்பர். நல்ல மனத்தோடு கொடுக்கப்படும் அந்தப் பணம் வங்கிச் சோதனைகளைத் தாண்டி, பொருளாக மாறி, கூடாரத்தின் வாசலுக்குப் போகும்போது ஜனவரி கடைசியோ பிப்ரவரியோ ஆகிவிடும். அதற்குள் வெள்ளம் வந்து போயிருக்கும். 2022-23 குளிர்காலத்தை முன்வைத்து இங்கே சொல்ல வருவது ஒன்றைத்தான். குளிருக்கு ஓர் உண்டியல், நோய்க்கு ஓர் உண்டியல் என்று பிரித்துக் கொடுத்த உதவி இரண்டிலும் தோற்கிறது. இரண்டும் ஒரே கூடாரத்துக்குள், ஒரே சேற்றில் நடக்கும் ஒரே பிரச்சினை. அதற்கான பணம் கோடையிலேயே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

இடம் எப்படிப்பட்டது

லெபனானில் சிரிய அகதிகளுக்கென்று அரசு அமைத்த முகாம் கிடையாது. பெக்கா பள்ளத்தாக்கில் விவசாய நிலத்தை வாடகைக்கு எடுத்து, மரச்சட்டம் அடித்து, மேலே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுக் குடும்பங்கள் வாழ்கின்றன. கழற்றிப் போட்ட விளம்பரப் பலகைத் துணிதான் பல கூடாரங்களுக்குச் சுவர். சிமெண்டுச் சுவர் எழுப்பிக்கொள்ளலாமே என்று இங்கிருந்து கேட்பது எளிது. 2019இல் வடகிழக்கு மலையிலுள்ள அர்சால் ஊரில் ஒரு மீட்டருக்கு மேல் எழுப்பிய சுவர்களை இடிக்கச் சொல்லி ராணுவம் உத்தரவு போட்டது. நிரந்தரமாகத் தங்கிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். ஆகவே மரம், பிளைவூட், தார்ப்பாய் ஆகியவற்றுக்குள்தான் எந்த உதவியும் அடங்க வேண்டும்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 முதல் 1,000 மீட்டர். அர்சால் ஏறத்தாழ நம் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா உயரம். தானா ராத்தாவில் ஒரு சட்டை கூடுதலாகப் போட்டால் இரவு கழிந்துவிடும்; அங்கே பனி கொட்டி, கூரை விரிப்பு பாரம் தாங்காமல் உள்ளே தொங்கும். 2019 ஜனவரியில் நோர்மா என்று பெயரிடப்பட்ட புயல் வந்தபோது ஆயிரக்கணக்கான அகதிகளின் கூடாரங்களில் வெள்ளமும் பனியும் புகுந்தன.

2022இல் இதன் மேல் இன்னொரு சுமையும் ஏறியது. 2019இலிருந்து லெபனான் நாணயம் தன் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இழந்திருந்தது. 2021இல் எரிபொருள் மானியம் போனது. அரசு மின்சாரம் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் வந்தாலே பெரிது. மின்சாரம் இல்லையென்றால் ஊர்த் தண்ணீரை இறைக்கும் பம்பு நிற்கும், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமும் நிற்கும். காலரா கிருமி உள்ளே வரக் கதவு திறந்தே கிடந்தது. அகதிகள்தான் நோயைக் கொண்டுவந்தார்கள் என்று பேசுவோருக்கு இதையே பதிலாகச் சொல்ல வேண்டும். குழாயிலும் ஆற்றிலும் கழிவு கலந்தபோது லெபனான் குடிமக்களும் அதைத்தான் குடித்தார்கள். மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்றான பெப்னின் ஒரு லெபனான் ஊர்.

குளிர் எப்படி நோயை வளர்க்கிறது

முதலில் கழிப்பிடம். குடும்பத்துக்கு ஒன்றோ, சில குடும்பங்களுக்குச் சேர்த்து ஒன்றோ இருக்கும். அடியில் மண்ணில் தோண்டிய குழி, அல்லது புதைத்த தொட்டி. அதை உறிஞ்சி எடுக்க லோரி வர வேண்டும்; நடைக்கு இவ்வளவு என்று பணம். கோடையில் பணமில்லாமல் தள்ளிப்போட்ட குழி நவம்பரில் முக்கால்வாசி நிறைந்திருக்கும். மழை வந்ததும் நிலத்தடி நீர் ஏறி, குழி பொங்கி, கூடாரங்களுக்கு இடையிலுள்ள பாதையில் ஓடும். அதே பாதையில்தான் பிள்ளைகள் நடக்கிறார்கள், தண்ணீர்க் கேனும் தரையில் வைக்கப்படுகிறது. சேறு ஆனபின் லோரி உள்ளே வர முடியாது. செப்டம்பரில் ஒரு நடையில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஜனவரியில் எந்த விலைக்கும் நடக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே டிசம்பர் காணிக்கை பிந்திய காணிக்கை.

அடுத்தது தண்ணீர். பல குடியேற்றங்களுக்கு லோரித் தண்ணீர்தான். குறைந்தபட்ச அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு 90 லிட்டர். 1,000 லிட்டர்த் தொட்டி பதினொரு நாள் வரும். லோரியில் ஏறும்போதே குளோரின் கலந்தால்தான் பாதுகாப்பு. 70 சதவீதக் குளோரின் தூள் 15 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் ஏறக்குறைய ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். அதில் 200 மில்லிலிட்டரை 1,000 லிட்டருக்கு ஊற்றினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சேரும். இந்தக் கணக்கு தெளிந்த நீருக்கு மட்டும். மழைக்காலத்தில் கிணறு கலங்கும். சேறும் பாசியும் குளோரினைத் தின்றுவிடும். மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் சோதனை மாத்திரையை அரைமணி கழித்துப் போட்டுப் பார்த்தால் நிறமே வராது. அப்போது முதலில் நீரைத் தெளியவைத்து அல்லது துணியில் வடித்து, பிறகு வெவ்வேறு அளவு குளோரினை வாளிகளில் போட்டுச் சோதித்து, அரைமணிக்குப் பின் 0.5 மில்லிகிராம் மிஞ்சும் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக் கேனில் குடிக்கும் நேரத்தில் 0.2ஆவது மிஞ்ச வேண்டும்.

குளிர்ந்த நீரில் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோடையில் 30 நிமிடம் போதும் என்று சொல்லிக்கொடுத்த தாயிடம் ஜனவரியில் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்ல வேண்டும். தொட்டியின் அடியில் படிந்த வண்டலைக் கழுவாமல் குளோரின் ஊற்றுவது வீண். அதைக் கழுவுவதும் வெயில் காலத்து வேலை.

மூன்றாவது கை. உறையும் குளிரில் யாரும் பச்சைத் தண்ணீரில் கை கழுவ மாட்டார்கள். சோப்பு கொடுத்தோம், கழுவவில்லை என்று அறிக்கை எழுதுவது எளிது. கணக்குப்படி ஆளுக்கு மாதம் 250 கிராம் குளியல் சோப்பும் 200 கிராம் துணிச் சோப்பும் வேண்டும். சோப்போடு கூட, அடுப்பின் மேல் வைக்க ஒரு கெட்டிலும், குழாய் பொருத்திய மூடிய கேன் ஒன்றும் கொடுத்தால் கை கழுவுவது நடக்கிறது. வெதுவெதுப்பான நீர் காலராவைத் தடுக்கும் கருவி என்று பட்டியலில் எழுதினால் தணிக்கையாளர் புருவம் உயர்த்தலாம். எழுதத்தான் வேண்டும்.

கடைசியாகக் காற்று. குளிருக்குப் பயந்து கூடாரத்தின் எல்லா ஓட்டையையும் அடைத்து, ஏழெட்டுப் பேர் சோபியா என்ற அடுப்பைச் சுற்றி உட்காருவார்கள். அது டீசலில் எரியும் தகர அடுப்பு. டீசல் 20 லிட்டர்த் தகரத்தில் விற்கப்படுகிறது. நாளுக்கு 4 லிட்டர் என்று சிக்கனமாக எரித்தாலும் ஐந்து நாளில் காலி. பணம் தீர்ந்தால் பிளாஸ்டிக்கும் பழைய செருப்பும் அடுப்புக்குப் போகும். புகை பிள்ளைகளின் நுரையீரலைப் புண்ணாக்கும். புகைபோக்கி அடைத்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு குடும்பத்தையே தூக்கத்தில் கொன்றுவிடும். இதே நெருக்கத்தில்தான் தட்டம்மையும் சிரங்கும் பரவுகின்றன. தட்டம்மை வந்த ஒருவர் தடுப்பூசி போடாத 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுக்கக்கூடும். அதை நிறுத்த நூற்றில் 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும்.

நம் முன்னோரின் வாழ்க்கையில் இது புதிதல்ல. கப்பலில் வந்த தமிழர்கள் பினாங்குக்குப் பக்கத்தில் பூலாவ் ஜெரெஜாக்கில் நோய்க்காகத் தடுத்துவைக்கப்பட்டார்கள். தோட்ட லயங்களில் ‘பேதி’ என்ற சொல்லைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்கள். கூட்டமும் கெட்ட தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

காலரா வந்த கூடாரத்தில்

காலராவுக்கு வைத்தியம் இல்லாவிட்டால் கடுமையாகத் தாக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் வரை இறக்கலாம். நேரத்தோடு நீர் கொடுத்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. இத்தனை மலிவாக உயிர் காக்கக்கூடிய நோய் வேறு எதுவும் எளிதில் நினைவுக்கு வரவில்லை. ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, எல்லாம் தலைதட்டி. உப்பு கூடினால் ஆபத்து. கண்ணளவில் போடக் கூடாது. ஓரளவு வறட்சி கண்ட பிள்ளைக்கு எடையில் கிலோவுக்கு 75 மில்லிலிட்டர், நான்கு மணி நேரத்தில். 12 கிலோ பிள்ளை என்றால் 900 மில்லிலிட்டர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக மறுபடியும் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் துத்தநாக மாத்திரை நாளுக்கு 20 மில்லிகிராம், பத்து முதல் பதினான்கு நாள். கண் குழிந்து, மயங்கி, குடிக்க முடியாத நிலை வந்தால் நரம்பு வழி நீர்தான். அங்கே வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை.

குளிரில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. இரவில் பேதி தொடங்கினால், உறைபனியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகத் தயங்கி விடியட்டும் என்று இருப்பார்கள். விடிவதற்குள் காலரா ஆளை முடித்துவிடும். ஆகவே கரைசல் கொடுக்கும் இடம் குடியேற்றத்துக்கு உள்ளேயே, நடந்து போகும் தூரத்தில், இரவிலும் ஆள் இருக்கும்படி வேண்டும். இரவு வண்டிக்கு முன்கூட்டியே பணமும் ஒதுக்க வேண்டும். அசுத்தமான தரைக்கு 0.2 சதவீதக் குளோரின்: 70 சதவீதத் தூள் என்றால் பத்து லிட்டருக்கு 30 கிராம், கடையில் வாங்கும் 5 சதவீத பிளீச் என்றால் ஒரு பங்குக்கு 24 பங்கு தண்ணீர். இதைக் குடிநீர்க் கேனின் பக்கத்தில் வைக்கவே கூடாது.

தடுப்பு மருந்தும் வந்தது. உலக அளவில் கையிருப்பு குறைந்ததால் 2022 அக்டோபரில் இரண்டு தவணை முறையை நிறுத்தி ஒரே தவணையாக்கினார்கள். லெபனானுக்கு ஆறு லட்சம் தவணைகள் அனுமதிக்கப்பட்டு, நவம்பர் 12 அன்று வாய்வழியாகக் கொடுக்கும் இயக்கம் தொடங்கியது. அகதி, உள்ளூர்க்காரர் என்று பிரிக்காமல் கொடுத்தார்கள். இது மிகவும் சரியான முடிவு. அகதிக்கு மட்டும் லோரி நிறையச் சாமான் வந்து, பக்கத்து வீட்டு லெபனான்காரர் பார்த்துக்கொண்டு நின்றால் பொறாமை நிலத்து வாடகையாகவும் விரட்டலாகவும் திரும்பி வரும். ஒரு தவணை தரும் பாதுகாப்பு நீண்ட காலம் நிற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் அக்காரிலேயே மறுபடியும் ஒருவருக்குக் காலரா உறுதியானது. குழியும் குழாயும் சரியாகாமல் மருந்தால் மட்டும் முடியாது.

குளிருக்கு எதைக் கொடுப்பது

போர்வையிலிருந்து தொடங்குவது இயல்பு. ஆனால் உடம்புச் சூட்டை அதிகம் உறிஞ்சுவது தரை. ஈரத் தரையில் மெத்தை போட்டு மூன்று கம்பளி போர்த்தினாலும் குளிர் அடியிலிருந்து ஏறும். முதல் செலவு தரையை உயர்த்துவதற்கு: சரளை கொட்டி, மேலே மரப் பேலட்டோ பிளைவூட்டோ, அதற்கு மேல் பாய். இரண்டாவது கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால். அதன் நீர் பக்கத்துக் கூடாரத்துக்குள் போகாமல் பொது வடிகாலில் சேர வேண்டும். இதைக் குடும்பம் குடும்பமாகச் செய்யச் சொன்னால் மேட்டுக்காரர் தப்பிப்பார், பள்ளத்தில் இருப்பவர் மூழ்குவார். குடியேற்றம் முழுவதற்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும். மூன்றாவதுதான் கூரை: சரிவு கூட்டி, விரிப்பை இறுக்கிக் கட்டுவது. பனி தேங்கினால் உள்ளிருந்து தட்டிவிட ஒரு நீளக் கழி. புகைபோக்கி விரிப்பைத் தொடாமல் தகரத் தகடு வழியாக வெளியேற வேண்டும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு காற்றுத் துளைகளை அடைக்கவே கூடாது. இவற்றுக்குப் பிறகு ஆளுக்கொரு தடித்த கம்பளி, எரிபொருளுக்குக் கைப்பணம்.

சிரங்கு வந்த வீட்டில் அனைவருக்கும் ஒரே நாளில் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு பூச வேண்டும், ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடியும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு இதைப் பூசாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். குளிர்காலத்தில் கம்பளியைத் துவைத்துக் காயவைக்க வழியில்லை. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குறைந்தது மூன்று நாள், குளிரில் ஒரு வாரமாவது வைத்தால் பூச்சி செத்துவிடும். அந்த நாட்களுக்கு மாற்றுக் கம்பளி இருந்தால்தான் வைத்தியம் பலிக்கும். இங்கேயும் குளிரும் நோயும் ஒரே சாமானைக் கேட்கின்றன.

கோலாலம்பூரில் நடக்கும் தவறுகள்

ஸ்வெட்டர் சேகரிப்பு முதல் தவறு. நம் ஊரில் யாரிடமும் உண்மையான குளிர் உடை இல்லை. பெட்டியில் விழுவது ஏர்கோன் அறைக்கான மெல்லிய சட்டையும் பண்டல் கடைத் துணியும். கொள்கலன் கட்டணம், துறைமுகத் தாமதம், சுங்கம் எல்லாம் சேர்ந்து, அந்தப் பணத்தில் பெக்காவிலேயே வாங்கக்கூடிய கம்பளியைவிட விலை ஏறிவிடும். அங்கே கடைகள் இருக்கின்றன. பணம்தான் இல்லை.

பால்மாவு இரண்டாவது தவறு. பரிதாபத்தால் கொடுக்கப்படுவதால் இதைத் தடுப்பது கடினம். காலரா நீரில் கரைத்த புட்டிப்பால் சிசுவுக்கு நேரே நோயை ஊட்டுவது போல. தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுங்கள்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொட்டலத்துக்குள் வேதப் பகுதித் துண்டுத்தாளைச் செருகும் வழக்கம் சிலரிடம் உண்டு. சிரியரும், இங்கே மலேசியாவிலுள்ள ரோஹிங்கிய அகதிகளும் பெரும்பாலும் முஸ்லிம்கள். உதவியை ஒரு மத நிலைப்பாட்டை வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்று 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் ஏற்ற நடத்தை விதி சொல்கிறது. இந்த நாட்டில் அரசியலமைப்பின் 11(4) பிரிவை ஒட்டிய மாநிலச் சட்டங்களும் முஸ்லிம்களிடையே பிற மதப் பரப்புரையைத் தடுக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்க, பசித்தவர் முன் ரொட்டியையும் தாளையும் சேர்த்து நீட்டினால் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நல்ல சமாரியன் காயத்துக்கு எண்ணெய் வார்த்து, சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். அடிபட்டவனிடம் எதுவும் கேட்கவில்லை.

பணம் அனுப்பும் வழியும் முக்கியம். சிறு சிறு தொகையாகப் பல தடவை அனுப்பினால் வங்கிக் கட்டணம் தின்றுவிடும். சிரியா என்ற சொல் பார்த்தாலே வங்கி நிறுத்தி விசாரிக்கும். பெறுபவர், நோக்கம், செலவுத் திட்டம் ஆகியவற்றைக் கடிதத்தில் தயாராக வைத்து, சபைகள் சேர்ந்து ஒரே தொகையாக அனுப்புவது நல்லது. அங்கே ஏற்கெனவே களத்திலுள்ள கிறிஸ்தவ அமைப்புகள் வழியாகவே போக வேண்டும்: கரித்தாஸ் லெபனான், பெக்காவில் கூடார வேலை செய்துவரும் மெடேர், இயேசு சபையின் அகதிகள் சேவை போன்றவை. இந்தக் கடைசி அமைப்பை 1980 நவம்பர் 14 அன்று இயேசு சபையின் அப்போதைய தலைவர் பெத்ரோ அருப்பே தொடங்கியதற்கு வியட்நாம் படகு அகதிகளின் துயரமே தூண்டுதல். அந்தப் படகுகளில் பல வந்து சேர்ந்தது நம் திரெங்கானுவின் பூலாவ் பீடோங்கில்தான்.

அறிக்கை கேட்கும்போது அழும் பிள்ளையின் படம் வேண்டாம். அகதியின் முகம் முகநூலில் ஏறினால் சொந்த ஊரிலுள்ள உறவினருக்கு ஆபத்து வரலாம். கேட்க வேண்டியவை இவை: மழைக்கு முன் எத்தனை குழிகள் காலியாயின, ஜனவரியில் வீட்டுக் கேனில் குளோரின் எவ்வளவு மிஞ்சியது, எத்தனை கூடாரங்களின் தரை உயர்ந்தது.

மாதங்களை மாற்றுவது

தவக்காலக் காணிக்கை இயல்பாகவே சரியான காலத்தில் வருகிறது. ஏப்ரலில் அனுப்பினால் மரமும் பிளைவூட்டும் சரளையும் கோடையில், பாதை காய்ந்திருக்கும்போதே இறங்கிவிடும். தொட்டி கழுவுவதும் குழி உறிஞ்சுவதும் செப்டம்பருக்குள் முடியும். அறுப்பின் பண்டிகை கொண்டாடும் சபைகளில் ஏலத்தில் சேரும் பணம், பண்டிகை ஆண்டின் நடுப்பகுதியில் வந்தால், குளோரினுக்கும் சோதனை மாத்திரைக்கும் நவம்பர் எரிபொருளுக்கும் போகட்டும். 2024 டிசம்பரில் டமாஸ்கஸில் ஆட்சி மாறியபின் பலர் சிரியாவுக்குத் திரும்பினார்கள். திரும்பிய ஊரில் கூரையற்ற வீடும் உடைந்த குழாயும் காத்திருந்தால் கணக்கு இதேதான். எல்லைக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை ஒவ்வோர் ஆண்டும் களத்திலிருப்பவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

டிசம்பர் காணிக்கை கோலாலம்பூரிலேயே தங்கட்டும். இங்கே பனி இல்லை. ஆனால் புடுவிலும் செலாயாங்கிலும் ஒரே பிளாட்டைச் சில குடும்பங்கள் தட்டி அடித்துப் பங்கிட்டு வாழ்கின்றன: மியன்மாரிலிருந்து வந்த சின், ரோஹிங்கியா மக்கள், இலங்கைத் தமிழர். மழை மாதங்களில் துணி காயாது, ஜன்னல் மூடியே இருக்கும், இருமல் சுற்றிச் சுற்றி வரும். மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் அமைப்பின் அட்டை உள்ளவருக்கு அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. அந்தப் பாதியே தினக்கூலிக்காரருக்கு மலை. அட்டை இல்லாதவரைப் பற்றி மருத்துவமனை தகவல் கொடுக்க வேண்டும் என்ற 2001 சுற்றறிக்கையின் பயத்தில் பலர் காய்ச்சல் முற்றும்வரை போவதில்லை.

தட்டம்மை ஊசி இங்கே 9ஆம், 12ஆம் மாதங்களில் போடப்படுகிறது. ஓடிவந்த பிள்ளையிடம் ஊசி அட்டை இல்லையென்றால் போடாததாகக் கருதி மறுபடியும் போடலாம். கூடுதல் தவணையால் கெடுதல் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருமினால் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்: 2 முதல் 11 மாதம் வரை 50, ஒரு வயதுக்கு மேல் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே கிளினிக்கு. கூடப் போகும் சபையார் ஐ.நா. அட்டையின் நகல், பிள்ளையின் எடை எழுதிய தாள், ஏற்கெனவே கொடுத்த மருந்தின் பொட்டலம் ஆகிய மூன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். மொழிபெயர்க்க ஒரு ஆளின் தொலைபேசி எண்ணையும் முந்தின நாளே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.